இத்தா அறையில் வளைந்த முதுகு

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில், என் மாமனார் மௌத்தானார். முதுகு வலியாகத் தொடங்கிய புற்றுநோய் ஐந்தே மாதங்களில் அவரைக் கொண்டுபோயிற்று. ஆகவே, மாமி துக்கம் காத்த இத்தாவின் மூன்றாம் மாதத்தில் அவருடைய முதுகும் முன்னோக்கி வளையத் தொடங்கியபோது, என் மனைவி எதற்கு அஞ்சினாள் என்பதை அவள் சொல்லாமலே அறிந்தேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்பவன். மருமகன் முன் மாமிக்கு மறைப்பும் இல்லை. வெள்ளைச் சேலையுடன் அவர் தங்கியிருந்த அறைக்குள் நானும் போய்வந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும் என்பது மார்க்கம். எங்கள் வீட்டார் அந்த வீட்டை ஒரு பாயளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். சோறும் தண்ணீரும் பாய்க்கே வந்தன. அறுபத்தைந்து வயதுவரை நெல் அவித்துக் காயவைத்த உடல், எழும் தேவையே இல்லாமல் கிடந்தது. மீனும் முட்டையும் இறங்கவில்லை என்று கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். நாங்கள் அதைத் துக்கம் என்றே மதித்தோம்.

ஒரு லுஹர் தொழுகையில் குனிந்தவர், நிமிர முடியாமல் சுவரைப் பிடித்தார்.

"மனே, ஒங்கட மாமாட வருத்தம்தான் எனக்கும் வந்திரிக்கி. புள்ளைக்கிட்டச் சொல்லாதீங்க."

தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்ற என் மனைவி, "சொல்லாட்டியும் எனக்குக் கண் இரிக்கி உம்மா" என்றாள்.

இத்தாவில் ஆஸ்பத்திரியா என்று மாமியின் தங்கை தடுத்தார். மார்க்கம் அறிந்த பள்ளிவாசல் லெவ்வையிடம் கேட்டேன்.

"வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போறத ஆர் தடுத்த? கூட்டிக்கிட்டுப் போங்க."

ஆஸ்பத்திரியில், காரைதீவைச் சேர்ந்த பெண் வைத்தியர் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே படமும் எடுப்பித்தார். பிறகு எலும்பின் இருபுறமும் தசை வற்றியிருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

"புற்றுநோய்க்கான அடையாளம் ஒண்டும் இல்ல. வயது போகப் போக முதுகுத் தசை கரையும். படுத்துக் கிடந்து, சாப்பாடும் குறைஞ்சா இன்னும் கெதியாக் கரையும். வீட்டுக்குள்ள நடக்கிறல்லையா, அம்மா?"

"இத்தாவுல எப்பிடி மகள் நடக்கிற?"

"வெளியதானே போகக்கூடா? அடுப்படிக்கும் தடையா?"

மாமி சற்று யோசித்தார். "மார்க்கத்துல அப்பிடி இல்லதான். என்ட தங்கச்சிதான் சொன்ன."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தந்தை நோயுற்றபின் நான் கேட்ட முதற் சிரிப்பு அது. பின்னர் அழுதாள்.

அன்று மாலையே மாமி அடுப்படிக்கு நடந்து, தங்கையின் கையிலிருந்த அகப்பையைப் பறித்தார். "தள்ளு புள்ள. மீனைக் கருக்கிப்போட்டு, எனக்குச் சட்டம் சொல்லுறாய்!"

மாமி மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். முதுகு முழுமையாக நிமிரவேயில்லை. அதற்காக என் மனைவி ஒருபோதும் குறைப்பட்டதில்லை. இப்போது அவளும் இல்லை. அவளுடைய அச்சம் பொய்த்துப்போன ஒரு நாளிலேனும் நான் அவளருகில் இருந்தேன்.