முதலாளியின் ஓபரா

பித்தளைத் தாம்பாளத்தில் கை பட்டு 'டங்' என்று ஒலித்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். கல்யாணம், காதுகுத்து, சீர்வரிசை என்று எங்கள் பக்கம் தாம்பாளத்துக்குக் குறைச்சல் இல்லை. என் எரிச்சலுக்கும் குறைச்சல் இல்லை. எங்கள் முதலாளியின் மேடையில் அந்தச் சத்தத்துக்கு ஒரு மண்டபமே சிரித்தது.

முதலாளிக்குச் சிவகாசியில் அச்சகம். காலண்டரும் டைரியும் அடிக்கிற கம்பெனி. நான் அங்கே பிழை திருத்துகிறவள். ஞாயிறுதோறும் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். இயந்திரம் வாங்க ஜெர்மனி போன முதலாளி, அங்கே யாரோ கூட்டிப்போய்க் காட்டிய ஓபராவைப் பார்த்துவிட்டு வந்தார். பேச்சே கிடையாது, கதை முழுவதையும் பாடியே நடத்துகிறார்கள் என்று ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் தானே ஒன்று எழுதினார். போரில் கணவனைப் பறிகொடுத்த ராணியின் கதை. ராணி நான். கம்பெனி ஆட்கள் முன்னால் முதலில் பாடிக் காட்டியபோது பாதிப்பேர் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள். முதலாளி அசரவில்லை. "கசப்பு மருந்தத் தேன்ல கொளச்சுத்தாம்மா குடுக்கணும். காமெடி சேப்போம்" என்றார். பைண்டிங்கில் வேலை பார்த்த ஒரு வாயாடியை அரண்மனைக் காவல்காரன் ஆக்கினார். காவல்காரன் என்ன செய்தால் சிரிப்பார்கள் என்று யோசனை ஓடியபோதுதான், நாக்கில் சனி என்பார்களே, நான் வாயைத் திறந்தேன்.

என் அக்காவுக்கு அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் பட்டாசு ஆபீஸில், வேலை. மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக. இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். வீட்டுக்கு வந்தாலும் அக்காவின் கை சும்மா இருக்காது. அடுப்படிக்குள் நுழையுமுன் கதவுத் தாழ்ப்பாளைத் தொடுவாள். சர்ச் கேட்டையும் தொடுவாள். இதை நான் சிரித்துக்கொண்டே முதலாளியிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முன்பு வேறொரு ஆலையில், சீசன் அவசரத்தில், தொட்டோமா இல்லையா என்ற நினைவே இல்லாமல் அக்கா ஒருநாள் உள்ளே போயிருக்கிறாள். தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம் அறை வெடித்தது. உள்ளே இருந்து செத்துப்போனவள் அவளுடைய நெருங்கிய சேக்காளி. காரணம் வேறு என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். அக்கா நம்பவில்லை. தன்னால்தானோ என்று அவளுக்குள் ஓடும் இந்தச் சந்தேகத்தை உலகத்தில் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

முதலாளி தொடையைத் தட்டினார். "இதாம்மா வேணும். வரப்போறது பூராம் பட்டாசு ஆபீஸ் ஆளுக. அவுக சங்கதியவே அவுகளுக்குக் காட்டுனா எந்திரிச்சுப் போவாகளா?" என்றார். அடுத்தவர் பிழைப்பை வேடிக்கையாக்க அவருக்கு அரை நிமிடம் கூட ஆகவில்லை.

தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருந்த வாரம், ஒரு ஞாயிறு மாலை, கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆலை வேன்களிலேயே ஆட்களை ஏற்றி வந்தார்கள். அக்கா முன்வரிசையில், சர்ச்சுக்குக் கட்டும் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பியது அவளுடைய சம்பளம். குழுவில் இருபது குரலோடு சேர்ந்து என் குரலைக் கேட்டிருக்கிறாள். நான் தனியாகப் பாடி அவள் கேட்டதில்லை. அவள் கேட்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த ஓபராவில் வேறு ஆசை கிடையாது.

காவல்காரன் வந்தான். அரண்மனை வாசலில் ஆணியடித்து மாட்டிய தாம்பாளத்தை 'டங்' என்று தட்டிவிட்டு உள்ளே வந்தான். தொட்டேனா, தொடலையா என்று முழித்தான். திரும்ப ஓடித் தட்டினான். மறுபடி சந்தேகம், மறுபடி ஓட்டம். கடைசியில் தாம்பாளத்தையே கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மண்டபம் குலுங்கியது. திரை ஓரத்தில் நின்று நானும் சிரித்தேன், அதை மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. பிறகுதான் அக்காவைப் பார்த்தேன். "ஏட்டி, ஒன்னயத்தான் காட்டுதான்" என்று பக்கத்துப் பெண்கள் அவள் தோளில் தட்டிச் சிரித்தார்கள். அக்கா வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தச் சந்தேகமும் ஓட்டமும் நான் சொன்னதல்ல. சிரிப்பு கூடட்டும் என்று அந்த வாயாடி தானாகச் சேர்த்தது. அது அக்காவுக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது ராணியின் ஒப்பாரி. அன்று பாடியதுபோல் நான் முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அதையுமாட்டி சொன்ன?" இல்லை என்று நூறு தடவை சொன்னேன். நம்பினாளோ என்னவோ, அதன்பிறகு தன் மனசில் இருப்பதை என்னிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

முதலாளி இன்றும் போகிற கூட்டத்தில் எல்லாம் தன்னால்தான் ஓபரா இந்த மண்ணுக்கு வந்தது என்கிறார். என்னைக் கண்டால், "காமெடி இல்லன்னா ஒன் பாட்ட எவம்மா கேட்டிருப்பான்?" என்று சிரிக்கிறார். அவர்மேல் எனக்குள்ள வெறுப்பு இம்மியும் குறையவில்லை, என்மேல் உள்ளதும்தான்.

போன மாதம் துணிந்து அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு என் பாட்டு எப்படி இருந்தது என்று. உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

"ஏட்டி, அன்னைக்கு நீ எப்ப பாடுன?"