தற்காலிகப் படம்

இணையதளம் வடிவமைப்பவர்கள் வட்டத்தில் அவனைப் 'புள்ளி' என்றுதான் அழைப்பார்கள். திரையில் ஒரு பொத்தான் ஒரே ஒரு புள்ளி அளவு இடம் மாறி நின்றாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அதை நகர்த்திச் சரிசெய்யாமல் தேநீர் குடிக்கக்கூட எழமாட்டான். அவனுடைய சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பது மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை என்று மனைவி கேட்பாள்.

வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஜன்னலை ஒட்டி மேசை, அதன்மேல் இரண்டு திரைகள், ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய கைப்பேசி. கட்டி முடித்த ஒவ்வொரு தளத்தையும் அந்தக் கிழட்டுக் கைப்பேசியில் திறந்து பார்ப்பான். மூன்று விநாடிக்குள் திறக்கவில்லை என்றால் படங்களை இளைக்கவைத்து, வேண்டாத வரிகளைக் களைந்து, மறுபடி திறப்பான். பதினோரு ஆண்டுகளில் எழுபத்திரண்டு தளங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. தளத்தை ஒப்படைக்கும் நாளில் கடவுச்சொற்களை உரியவரிடம் கொடுத்துவிட்டுத் தன்னிடமுள்ள படியை அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவான். அடுத்தவர் வீட்டுச் சாவி தன் பையில் இருக்கக் கூடாது என்பது அவன் கொள்கை.

அறுபத்தோராவது நோட்டு, குழந்தைப்பேறு சிகிச்சை மையம் ஒன்றினுடையது. சிகிச்சையால் பயனடைந்த ஒரு தாயின் படமும் அவர் சொன்ன இரண்டு வரியும் முகப்பில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவதாக மையத்தின் மேலாளர் சொன்னார். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை. காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு அளவுகளைச் சரிபார்க்க முடியாது. வலப்பக்கம் முகம், இடப்பக்கம் எழுத்துக்கு வெற்றிடம் என்று அமைந்த படம் ஒன்று வேண்டும். கைவசம் இருந்தவற்றுள் அப்படி அமைந்தது ஒன்றுதான். பிறந்து மூன்று நாளான அவன் மகளை அவனுடைய அக்கா மடியில் ஏந்தி, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் படம். கோப்புக்குத் 'தற்காலிகம்-3' என்று பெயரிட்டு அதைக் கட்டத்தில் பொருத்தினான். எழுத்து எப்படி நிற்கிறது என்று பார்ப்பதற்காக, பக்கத்தில் தானே இரண்டு வரி எழுதினான்: "பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தோம். இன்று எங்கள் வீடு நிறைந்திருக்கிறது."

ஒப்படைப்புப் பட்டியலில் நாற்பத்தொரு வேலைகள் இருந்தன. இருபத்து மூன்றாவது, தற்காலிகப் படத்தை மாற்றுவது. மேலாளர் ஒரே மூச்சில் நாற்பத்தொன்றுக்கும் சரிக்குறி போட்டு அனுப்பினார். புள்ளி பட்டியலைப் பார்த்தான், பக்கத்தைப் பார்க்கவில்லை. தன் பங்குக்கு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சரிக்குறி போட்டு, சாவியைக் கொடுத்து, படியை அழித்து, நோட்டை மூடிவைத்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அக்கா வேலை நேரத்தில் தொலைபேசினாள். அவள் ஒரு நூலகத்தில் புத்தகம் வழங்கும் பிரிவில் இருக்கிறாள். திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள், குழந்தை இல்லை, அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அன்று காலை உடன் வேலை செய்பவள் ஒருத்தி, தன் மகளுக்காக மருத்துவமனை தேடியபோது அந்தப் பக்கத்தைக் கண்டிருக்கிறாள். வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் எங்களிடம் மறைத்துவிட்டாயே, குழந்தை நடக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

"நான் என்னடா பதில் சொல்றது?" என்றாள் அக்கா.

அன்றே மேலாளரின் எண்ணை அழைத்தான். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. நேரில் போனால், மையம் இருந்த கட்டடத்தில் சோபாவும் கட்டிலும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டாராம். போனவர், தளத்தின் பெயரையும் இணையத்தில் அதற்கான இடத்தையும் முதலிலேயே பத்து ஆண்டுகளுக்குப் பணம் கட்டிப் பதிந்துவைத்திருந்தார். இன்னும் எட்டு ஆண்டுகள் மிச்சம். தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனத்துக்கு எழுதினான். தளத்தைக் கட்டியவன் என்ற முறையில் அவனுக்கு எந்த உரிமையும் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. உரிமையாளர் கேட்க வேண்டும். அல்லது படத்தில் இருப்பவரே விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தையும் இணைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு அக்கா வீட்டுக்குப் போனான். எல்லாவற்றையும் பென்சிலால் நிரப்பியிருந்தான். ஒரு கட்டத்தை மட்டும் விட்டிருந்தான். படத்துடன் வெளியான செய்தி எவ்வகையில் பொய் என்பதை விண்ணப்பதாரர் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட வேண்டிய கட்டம் அது. மாமா நாளிதழை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பக்கம் மட்டும் திரும்பவேயில்லை.

அக்கா படிவத்தை முழுதும் படித்தாள்.

"எனக்குக் குழந்தை இல்லைன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா?"

"ரெண்டே வரிதான்க்கா."

"நீயும் ரெண்டு வரிதானேடா எழுதினே." படிவத்திலிருந்து நிமிர்ந்து கேட்டாள். "அதுல பன்னிரண்டுன்னு ஏன் போட்டே? அப்போ எங்களுக்குச் சரியா பன்னிரண்டு வருஷம்."

பத்து என்று போட்டபோது வரி குட்டையாக நின்றது. பன்னிரண்டு என்றதும் கட்டத்தின் விளிம்புக்குச் சரியாக வந்தது. அவனுக்கு நினைவிருந்த காரணம் இது ஒன்றுதான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? விரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

அவள் படிவத்தை மடிப்புக் கலையாமல் மடித்து அவன் பையிலேயே வைத்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டாள்:

"ஊர்ல எத்தனையோ தளம் படுத்துக்குதுங்கிறாங்களே. இது மட்டும் தானா கெட்டுப்போகாதா?"

"நல்லா கட்டிட்டேன்க்கா" என்றான்.

இப்போது திங்கட்கிழமைதோறும், வேலையைத் தொடங்கும் முன், பழைய கைப்பேசியில் அந்த முகவரியைத் தட்டுகிறான். இரண்டு விநாடி. முதலில் அக்காவின் முகம், பிறகு குழந்தை, கடைசியாக எழுத்து. அவன் வரிசைப்படுத்திய அதே வரிசையில் வருகின்றன. எதுவும் ஒரு புள்ளிகூட விலகவில்லை. அறுபத்தோராவது நோட்டில் இருபத்து மூன்றாவது வேலைக்கு எதிரே இருந்த சரிக்குறியை முதல் வாரமே அடித்து, 'நிலுவை' என்று எழுதிவிட்டான். வாரந்தோறும் அதன் பக்கத்தில் அன்றைய தேதியைப் போடுகிறான். தேதிகள் ஓரத்தை நிரப்பி, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டன.