வானம் பார்த்த வெங்கடபதி

வெங்கடபதிக்கு ஆடி மாதத்தைக் கண்டாலே ஆகாது. மாரியம்மனோடு தகராறு ஒன்றும் இல்லை. கூழ் ஊற்றினால் முதல் ஆளாகப் போய் நிற்கிறவர்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, புதுவீடு புகுவது கிடையாது. அதனால் ஃப்ளெக்ஸ் பேனரும் கிடையாது. அதுதான் அவருடைய வருத்தம்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு ஃபவுண்டரியில் மோல்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மற்ற பென்ஷன்காரர்கள் வாக்கிங் போகிற நேரத்தில், டி.வி.எஸ் எக்ஸலில் மேட்டுப்பாளையம் ரோட்டோரமாக ஃப்ளெக்ஸ் பார்த்துக்கொண்டே போவார். விசேஷம் முடிந்த பேனரைக் கேட்டு வாங்கி, ஒழுகுகிற வீட்டுக் கூரையில் விரித்துக் கட்டிக் கொடுப்பார். ரயில் பாதையோரத்து வீடுகளில் பெரும்பாலானவை அவர் போர்த்தியவைதான். ஒரு கூரையில் கிடந்த மணமக்கள் நிஜத்தில் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துவிட்டார்கள். கூரையில் மட்டும் இன்னும் மாலையோடு சேர்ந்தே கிடக்கிறார்கள். ஏதோ ஒரு சங்கத்தில் அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியபோது, "இத வெச்சு ஒரு கோழிக்கூண்டக் கூட மூட முடியாதுங்களே" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எந்தச் சங்கமும் அவரைக் கூப்பிடவில்லை.

மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் தனபாலிடம் ஓர் ஏணி இருந்தது. நட்பு அந்த ஏணியில்தான் ஆரம்பித்தது. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வந்த வெங்கடபதி ஒரு டீ குடிக்க உட்கார்ந்தார். அதிலிருந்து தினமும் உட்கார்ந்தார். தனபாலுக்கு உயரம் என்றால் பயம். ஆகவே வெங்கடபதி ஏறுவார், தனபால் பிடித்துக்கொள்வார். பிடிக்கிறவருக்கும் சேர்த்துப் பேச்சு மேலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

ஆடியில் கிடைப்பது கண்ணீர் அஞ்சலி பேனர் மட்டும். "முகூர்த்தம் பாக்காமக் கெளம்பறவங்கதான் தனபாலு ஆடியில நம்மளக் காப்பாத்தறாங்க" என்பார். கருமாதி முடிகிறவரை அந்தப் பக்கமே போகமாட்டார். முடிந்ததும் வீட்டுக்குப் போய், கைகட்டி நின்று கேட்பார்.

"ஏனுங்க, அய்யன வெய்யல்லயே நிக்க வெச்சிருக்கறீங்களே. ஒரு ஊட்டுக்கு அனுப்பி வெச்சரலாமுங்களா?"

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தபின் யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடிந்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு விதி உண்டு. படம் வானத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், வீட்டுக்குள்ளே பார்க்கக் கூடாது. ஏன் என்று தனபால் ஒருமுறை கேட்டார். "தலைவருங்க மூஞ்சியப் பாத்துட்டுப் படுத்தா ஆருக்குப்பா தூக்கம் வரும்?" என்றார் வெங்கடபதி. தனபால் சிரித்துவிட்டு அதையே காரணமாக வைத்துக்கொண்டார்.

அந்த வெங்கடபதி இந்த ஆனிக் கடைசியில் மாரடைப்பு வந்து, கையிலிருந்த டீ ஆறுவதற்குள் போய்விட்டார். ஆடிக்குப் பயந்துதான் முன்னாடியே கிளம்பிவிட்டார் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அவரே சொல்லியிருக்கக்கூடிய பேச்சுதான். ஆனாலும் அன்று தனபால் தன் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

கண்ணீர் அஞ்சலி பேனரைத் தனபாலே வைத்தார், தன் கடைக்கு எதிரில், தாராளமான சைஸில். படம் தனபாலின் மகள் லோகப்பிரியாவின் கல்யாணத்தில் எடுத்தது. வெங்கடபதியும் தனபாலும் சேர்ந்து நிற்கிற படம். ஃப்ளெக்ஸ் கடை மதன்குமார் தனபாலை வெட்டி எடுத்துவிட்டான். ஆனால் வெங்கடபதியின் தோள்மேல் கிடந்த தனபாலின் கை மட்டும் நின்றுவிட்டது.

"மாமா, இந்தக் கையவும் எடுத்தரட்டுங்களா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும் உடு."

கருமாதி முடிந்தது. தனபால் பேனரைக் கழற்றவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எதிரில் அந்தச் சிரிப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு மோட்டார் காயில் கட்டக் கை வராது. ஊர்க்காரர்கள் கேட்டால், பெரிய மனுஷனுக்கு ஒரு மரியாதை என்பார். உண்மையில் அவருக்கு அந்த முகம் வேண்டியிருந்தது.

ஆடிக் காற்று வீசிய ஒரு நாள் மத்தியானம் மெஹராஜ் கடைக்கு வந்தார். ரயில் பாதையோரத்தில் குடியிருந்துகொண்டு பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிற பெண். தென்னை மட்டை விழுந்து அவர் வீட்டுக் கூரைச் சீட்டு உடைந்துவிட்டது. தைத்த துணியெல்லாம் வீட்டுக்குள்ளே, மேகம் மலைமேலே.

"அண்ணன் இருந்தா அவருகிட்டக் கேட்டிருப்பேனுங்க. உங்ககிட்ட ஏதாச்சும் பழைய பேனர் கெடக்குங்களாண்ணா?" என்றார். எதிரிலிருந்த பேனரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்தவர் மாதிரி நின்றார்.

தனபால் மதன்குமாருக்குப் போன் போட்டார். "ஆடிங்க மாமா, மெஷினே ஓடல" என்றான். ஹார்டுவேர் கடையில் தார்ப்பாய் காலையிலேயே தீர்ந்துவிட்டது, நாளைக்கு வரும் என்றார்கள். மேகம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் தனபால் வெங்கடபதியின் வீட்டுக்குப் போனார். பேனர் வைத்தது தனபால்தான் என்றாலும் கேட்க வேண்டியது வெங்கடபதியின் சம்சாரம் ரங்கம்மாளிடம். அந்தம்மாள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் போதும், பழி தன்மேல் விழாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் ரங்கம்மாள் யோசிக்கவே இல்லை.

"எடுத்துருங்ண்ணா. நானு காய்க்கடைக்கு அந்தப் பக்கமாப் போறதே இல்லீங்க, பின்னால சந்துல சுத்திப் போறேன். அவரு சிரிச்சுட்டு நிக்கறதப் பாத்துட்டு எப்படீங்ண்ணா காய் வாங்கறது? உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் நான் சொல்லல."

தனபாலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தன் ஒருத்தன் ஆறுதலுக்காக அந்தம்மாளைச் சந்து சந்தாக அலைய விட்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

தரையில் நின்றபடியே பேனரின் கயிறுகளை அவிழ்த்து இறக்கிச் சுருட்டி, ஏணியோடு பாதையோரத்துக்குப் போனார். மெஹராஜ் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தனபால் ஏறினார். ஒவ்வொரு படியையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே போய் விரிக்கும்போது படம் உள்பக்கம் வருகிற மாதிரி திருப்பினார்.

"அப்படிப் போட வேண்டாமுங்ண்ணா. அண்ணன் எப்பவும் படத்த மேல பாத்துத்தான் போடுவாரு."

"அது கட்சிக்காரங்களுக்கு அம்மணி. மூஞ்சியப் பாத்தாத் தூக்கம் வராதுன்னு சொல்லுவான். இவன் நம்மாளு. உள்ள இருந்து பாத்துட்டுக் கெடக்கட்டும்."

"அது உங்களச் சிரிக்க வெக்கச் சொன்னதுங்க" என்றார் மெஹராஜ். "எங்கிட்ட வேற சொன்னாரு. 'கூரை குடுத்தவன் மூஞ்சில தெனமும் முழிச்சா, தெனமும் நன்றி சொல்லோணும் அம்மணி. உங்க ஊட்டுக்குள்ள நீங்க நிம்மதியாத் தூங்கோணும்'னாரு."

தனபால் பேனரைத் திருப்பிப் போட்டார். ஓரங்களில் கல் வைத்தார். வெங்கடபதி வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார், தோளில் தனபாலின் கையோடு. இனி அந்த முகத்தைக் காக்கைதான் பார்க்க முடியும். அந்த இடத்திலேயே உட்கார்ந்து தனபால் அழுதார். மழைத்தண்ணி என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் மழை இன்னும் வந்து சேரவில்லை.

"என்னாச்சுங்ண்ணா?" என்று கீழேயிருந்து மெஹராஜ் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அம்மணி. நாந்தான் ஏறிப் பழக்கமில்லாதவன். ஏணியக் கெட்டியாப் புடிச்சுக்க."