சந்தனத்துக்கு அடியில் நின்ற பொலிஸ்காரன்

இந்த நாட்டில் கடை வாசலைத் தாண்டிக் கத்தரிக்காய் வெளியே வருவதற்கும் விண்ணப்பம் எழுத வேண்டும். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில் எங்கள் கடை ஒடுக்கமானது. முருங்கைக்காயும் வாழைப்பூவும் நடைபாதையில் ஒரு மேசையில் கிடந்தால்தான் போகிற சனம் திரும்பிப் பார்க்கும். இல்லாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அன்ட்ராக் என்கிற அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்தேன். விசர் பிடிக்காத குறைதான்.

கடைசியில் ஒரு உத்தியோகத்தர் அளவுநாடாவோடு வந்தார். மேசை போட்டால் நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுவர் ஈரத்தை மறைக்கவென்று பழைய சாமான் சந்தையில் வாங்கின படம் ஒன்று கல்லாவுக்குப் பின்னால் தொங்கியது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின பேர்லின் பெருவீதி. லிண்டன் மரங்கள், குதிரை வண்டிகள், குடை பிடித்த சீமாட்டிகள். ஓரத்தில் ஒருத்தி கூடையோடு பூ விற்கிறாள். அதைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினேன். உங்கள் பெரிய வீதியிலேயே விற்றிருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் ஏலாது என்று தெரிந்த ஜெர்மனில் கேட்டேன்.

"இது என்ன கறை?" என்றார் அவர்.

கறையில்லை. வெள்ளிக்கிழமைகளில் தராசு, கல்லாப்பெட்டி, குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பேன். படத்துக்கும் கை எட்டுகிற மூலையில் வைத்து வைத்து அது கட்டியாகக் காய்ந்து கிடந்தது. இதை விளக்க என் ஜெர்மன் காணாது. ஈரத்துணியால் துடைத்தேன்.

ஐயோ! வாங்கும்போது கவனிக்காத ஒரு பொலிஸ்காரன் துடைத்த இடத்தில் நின்றான். கூர்த்தொப்பி, நீட்டின விரல். பூக்காரியைக் கலைக்கிறான். அவளுடைய ஒரு குதிக்கால் ஏற்கனவே நிலத்தை விட்டுக் கிளம்பியிருந்தது.

"அப்போதும் அனுமதி வேண்டும் போல" என்று உத்தியோகத்தர் சிரித்தார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்தடியில் அக்காவும் நானும் பழம் விற்றோம். மாநகரசபை ஆட்கள் வந்தால் சாக்கின் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பிறகு சண்டையில் ஷெல்லடிக்குப் பயந்து ஓடினோம். இங்கே வந்தால் ஓட்டம் நிற்கும் என்று நம்பினேன்.

முடிவு கடிதத்தில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் வரவில்லை.

அடுத்த வெள்ளி சந்தனம் குழைத்தேன். "இஞ்சேர், இந்த முறையும் பொலிஸ்காரனை மூடிப்போடாத" என்று கணவர் பகிடி விட்டார். நான் பூக்காரியின் குதிக்காலில் வைத்தேன்.

"ஏனப்பா காலில?"

"அவளாவது நிக்கட்டும்."

வாசலில் ஒரு சீருடை தெரிந்தது. தபால்காரர்தான். எங்களுக்கு ஒன்றும் இல்லை, கடந்து போனார். குனிந்து பார்த்தேன். என் குதிக்கால் நிலத்தில் இல்லை.