ஒரே மாதிரிப் படங்கள்… அழிக்கவா?

பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவுக்கு மாடு பார்க்கப் போனேன்.

சிரிக்காதீர்கள். சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில் எட்டாவது மாடியில் குடியிருப்பவளுக்கு வேறு எங்கே மாடு கிடைக்கும்? பொங்கல் வந்தால்தான் அங்கே கொட்டகை போட்டு மாடு கட்டுகிறார்கள். நானும் ஆண்டு தவறாமல் போய் எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

இந்த முறை ஒரு கன்று. நெற்றியில் குங்குமம், கழுத்தில் மணி. என்னைப் பார்த்து நாக்கை நீட்டித் தன் மூக்கை நக்கியது. அடடா என்று போனைத் தூக்கினேன்.

இடம் இல்லை என்றது போன்! படங்களை நீக்கிவிட்டு வா என்றது. அதற்குள் கன்று திரும்பி வைக்கோலைத் தின்னப் போய்விட்டது.

உங்களுக்கும் நடந்திருக்குமே? பேரப்பிள்ளை கேக் வெட்டும்போது, தாலி கட்டும்போது… சரியாக அந்த நொடியில்தான் இந்தச் சனியனுக்கு இடப் பஞ்சம் வரும்.

கூட வந்த என் மகள் காவ்யாவுக்குக் கணினித் துறையில் வேலை. கல்யாணமாகி உட்லண்ட்ஸில் இருக்கிறாள். சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்ததும் கையை நீட்டினாள்.

"கொடுங்கம்மா. டூ மினிட்ஸ்ல கிளீன் பண்ணித் தர்றேன்."

கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் போட்ட கூச்சலில் பக்கத்து மேசையே திரும்பியது.

"அம்மா! வாட் இஸ் திஸ்? பாத்ரூம் கூரையையா இத்தனை தடவை போட்டோ எடுத்து வச்சிருக்கீங்க? ஆர் யூ ஓகே?"

ஓகேதான். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. என் குளியலறைக் கூரைக்குத்தான் வியாதி.

போன ஆண்டு நடுவில், அந்தக் கூரையின் மூலையில் ஒரு ஈரப் பொட்டு தெரிந்தது. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிகிறது. மேல்வீட்டில் இருப்பவர் குணசேகரன் அண்ணன். ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிறவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அது சுடுதண்ணி ஆவிம்மா. ஜன்னலைத் தெறந்து வைங்க" என்றார்.

திறந்து வைத்தேன். பொட்டு இட்லி அளவுக்கு வளர்ந்தது. மறுபடி போனேன். "இப்ப மழையா இருக்குல்ல?" என்றார். மழை விட்டது, இட்லி தோசையானது. மறுபடி போனேன். "எப்பப் பார்த்தாலும் இதே பேச்சுதானாம்மா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு வந்தது பாருங்கள் ஒரு வைராக்கியம். சொன்னால்தானே 'இதே பேச்சு'? இனிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். தினமும் குளிக்கப் போகுமுன் கூரையை ஒரு படம் எடுத்தேன். அதற்கு முன்னால் எப்போதாவது எடுத்தவையும் கைவசம் இருந்தன. என் கணவர்கூட, "அக்கம்பக்கத்துல எதுக்கு வம்பு, விடுலா" என்றார். விடவில்லை. கடைசியில் குடியிருப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். புதன்கிழமை அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

இதையெல்லாம் காவ்யாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல் ஓடிக்கொண்டிருந்தது.

"புரூஃப்க்கு ஒண்ணு போதும்மா. பாருங்க, போனே சொல்லுது: ஒரே மாதிரிப் படங்கள், அழிக்கவா? பெஸ்ட் ஷாட்டை அதுவே செலக்ட் பண்ணி வச்சிக்கும். மத்ததெல்லாம் கிளவுட்ல சேஃபா இருக்கு, டோன்ட் வொரி."

"ஏய், தொடாதே" என்று நான் சொல்வதற்குள் தொட்டுவிட்டாள். "அடுத்து இந்த டிராஷையும் எம்ப்டி பண்ணிட்டா…" என்று அவள் விரலை நீட்டியபோது பேப்பர் தோசை வந்து மேசையை அடைத்துக்கொண்டது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோசையைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மறுநாள் அதிகாரி வருகிறாரே என்று படங்களைத் தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது. போன் தேர்ந்தெடுத்த பெஸ்ட் ஷாட்!

நல்ல படம்தான், ஒத்துக்கொள்கிறேன். வெளிச்சம் பிரமாதம். கறை தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, சுவரில், டிசம்பரில் நான் புதிதாக மாட்டிய வாட்டர் ஹீட்டர் பளபளவென்று மின்னியது.

அந்த ஹீட்டர்தான் வினை. ஏன் தெரியுமா? குணசேகரன் அண்ணன் இப்போது எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கப் புதுக்கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். கசிவு அவர் வீட்டிலிருந்து இல்லையாம். நான் ஹீட்டர் மாட்டியபோது கூரையோரக் குழாயைச் சரியாகப் பூட்டவில்லையாம். ஹீட்டர் வந்த பிறகுதான் கறையே வந்ததாம். அந்த ஒற்றைப் படத்தைக் காட்டினால் அவருக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். ஹீட்டர் வருவதற்கு முன்னால் எடுத்த படங்கள் எனக்கு வேண்டும்.

காவ்யாவை அழைத்தேன்.

"கிளவுட்ல பாருங்கம்மா" என்றாள் சாவகாசமாக.

மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் அதே ஒற்றைப் படம். அதே ஹீட்டர்.

"அங்கயும் இல்லையா?" அவள் குரல் இறங்கியது. "ஓ… சிங்க் ஆயிடுச்சு போல."

"சிங்க் ஆனா?"

"போன்ல அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும்மா."

"அப்புறம் எதுக்குடி அதுக்குப் பேரு பாதுகாப்பு?"

நானும் இத்தனை நாள், கிளவுட் என்றால் பீரோவில் வைத்த பட்டுப்புடவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கண்ணாடியில் தெரிகிற முகம் மாதிரி — நாம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்துவிடும்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என் கூரை, என் கறை, என் படம். எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் போன் யார்? ஒரு மாதமாவது ஒழுகும் வீட்டில் குடியிருந்து பார்த்ததா?

அந்த ஆத்திரத்தில் ஹீட்டர் இல்லாத பழைய சுவர் வேறு ஏதாவது படத்தில் தப்பித்தவறி விழுந்திருக்கிறதா என்று கிளறினேன். கிளறக் கிளற, போன் மறுபடியும் இடம் இல்லை என்றது.

ஒரு நிமிஷம். இத்தனை படங்களை அழித்த பிறகும் எப்படி இடம் இல்லாமல் போகும்? அழிந்தவை எங்கே போயின?

ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தேன். கண்ணில் பட்டது ஒரு குப்பைத்தொட்டி. திறந்தால்… வரிசை வரிசையாக என் கூரை! அழித்த படங்களைச் சில வாரம் அந்தத் தொட்டியிலேயே வைத்திருக்குமாம். அதைத்தான் காவ்யா காலி செய்யப் போயிருக்கிறாள். அந்தப் பேப்பர் தோசைக்குக் கோயில் கட்டினால் தகும்.

எல்லாவற்றையும் மீட்டேன். கையோடு ஒரு தம்ப் டிரைவிலும் ஏற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு இடத்துக்காக உண்மையிலேயே வேண்டாததை அழித்தேன் — குடும்பக் குழுவில் வந்து குவிந்திருந்த குட்மார்னிங் ரோஜாக்கள் அத்தனையும். ஒரு ரோஜாவுக்குக்கூட நான் வருத்தப்படவில்லை.

புதன்கிழமை அதிகாரி வந்தார். நடுவயதுச் சீனர், அதிகம் பேசாதவர். மேலிருந்து குணசேகரன் அண்ணனும் இறங்கி வந்தார்.

"ஆபீசர், ஷீ புட் நியூ ஹீட்டர். ஆஃப்டர் தட் ஒன்லி லீக்" என்றார் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. ஹீட்டர் மாட்டுன பொறகுதானே கறை வந்துச்சு?" என்றார்.

போனை அதிகாரியின் கையில் கொடுத்தேன்.

அவர் விரலால் தள்ளத் தொடங்கினார். பொட்டு. இட்லி. தோசை. பிறகு பெயிண்ட் உரிந்து தொங்கியது. தள்ளத் தள்ளக் கூரை எங்கள் கண்முன்னால் நோயில் விழுந்தது. திடீரென்று நிறுத்திப் பின்னால் போனார். தோசை அளவு கறை, கீழே வெறும் சுவர்.

"திஸ் ஒன் பிஃபோர் ஹீட்டர் ஆ?"

"யெஸ்."

அதிகாரி படத்தின் தேதியைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு இருவரும் மேல்வீட்டைச் சோதிக்கப் படியேறினார்கள். கசிவு அங்கேதான் இருந்தது. அடுத்த வாரமே வேலையாட்கள் வந்து அவர் குளியலறைத் தரையை உடைத்துச் சரிசெய்தார்கள்.

ஒரே மாதிரியாம்! இந்த வார்த்தை போன் கண்டுபிடித்தது இல்லை. ஒரு குறையை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். 'இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு' என்பார்கள். பல தடவை சொல்லிப் பாருங்கள். 'எப்பவும் இதே பேச்சு' என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான், வேலையிடத்திலும் அப்படித்தான். கேட்கிறவருக்கு எல்லாம் ஒரே மாதிரி. அனுபவிக்கிறவளுக்கு ஒவ்வொரு நாளும் கறை கொஞ்சம் பெரிது.

ஆகவே நான் அழிப்பதாக இல்லை. போன் வாரத்துக்கு ஒரு தடவை கேட்கத்தான் செய்கிறது. கேட்டுவிட்டுப் போகட்டும்!

முந்தாநாள் மின்தூக்கியில் குணசேகரன் அண்ணன் ஏறினார். எங்களுக்குள் பேச்சு நின்று சில வாரம் ஆகியிருந்தது. ஐந்தாவது மாடி வரை எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா… எங்க கிச்சன் கூரையில ஒரு சின்னப் பொட்டு தெரியுது. மேல போய்ச் சொன்னா ஆவிங்கிறான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"போட்டோ எடுத்தீங்களாண்ணே?"

"ஒண்ணு எடுத்திருக்கேன்."

எட்டாவது மாடி வந்துவிட்டது. கதவு மூடாமல் கையை வைத்துத் தடுத்துக்கொண்டு சொன்னேன்:

"ஒண்ணு போதாதுண்ணே. தினமும் எடுங்க!"