தறிச்சத்தம் இல்லாத கடைசி வாரம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். அந்தச் சத்தத்திலேயே படித்துப் பழகியவன். பல் மருத்துவச் சீட்டுக்காக நீட் எழுத ஒரு வாரமே இருந்தபோது, கோவையில் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். அறை அவ்வளவு அமைதி. பக்கத்தில் தாள் புரட்டும் சத்தம்கூடக் காதில் விழுந்து, தெரிந்த கேள்விகளையே தவறவிட்டேன்.

பயந்துபோய், புதிதாக இரண்டு கைடு வாங்கப்போவதாகச் சொன்னேன். கூடப் படித்த, கோவையின் கணபதிப் பகுதியிலிருந்து வரும் கவிதா சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, பரீட்சை ஹால்ல உங்களுக்காகத் தறி ஓட்டுவாங்களா? எங்கூட்டுலயும் லேத் பட்டறைதானுங்க. அதான் தெனமும் பரீட்சை நேரத்துக்கே லைப்ரரி போய்ப் பழைய கேள்வித்தாள் எழுதறேன். நாளைக்கு வாங்க. ஆனா பேசப்படாது!"

தனக்கும் அதே ஒரு வாரம்தான் என்றாலும், தினமும் என் தவறுகளையும் பொறுமையாகத் திருத்தித் தந்தார். எத்தனை பேர் செய்வார்கள்? இரண்டு நாள் தவித்தேன். நான்காம் நாள் அமைதி பழகிவிட்டது. இருவருக்கும் சீட்டு கிடைத்தது.

இப்போது எந்தத் தேர்வானாலும் கடைசி வாரம் புதுப் பாடத்தைத் தொடுவதில்லை. தேர்வு நேரத்தில், சத்தமில்லாத இடத்தில், பழைய கேள்விகளை எழுதிப் பார்க்கிறேன். சத்தமான வீடுகளில் படிக்கும் தம்பி, தங்கைகளே, உங்கள் காதையும் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள்.