ஐந்து முகம், ஐந்து சீட்டு

இது நடந்தது. நம்பாதவன் எழுந்து போகலாம். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் நான். கதை கட்டத் தெரியாது.

அருங்காட்சியகத்தின் நிலவறைக் கிடங்கில் நானும் என் தங்கை புருஷனும் வேலை. அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், அந்த இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். எடுத்தவர் பெயர், நேரம். பொருள் அன்றைக்கே திரும்பிவிடும் என்பதால் தேதி கிடையாது.

புதிதாக வந்த அதிகாரிக்கு எதைப் பார்த்தாலும் குறைக்க வேண்டும். தூக்கில் போடப்பட்டவர்களின் முகங்களை அந்தக் காலத்தில் பிளாஸ்டரில் அச்செடுத்து வைத்திருந்தார்கள். ஆறு.

“ஒரே மாதிரி ஆறு எதுக்கு? ஒண்ணு போதும். மத்ததை உடைச்சிடுங்க. ஆளுங்களும் அப்படித்தான். மாசக் கடைசியில உங்கள்ல ஒருத்தர் வீட்டுக்கு.”

அவர் போனதும் மச்சான் சிரித்தான். “மூஞ்சியைப் பார்த்துத்தான் அனுப்புவாங்கன்னா, நீ இப்பவே கிளம்பு மச்சான்.”

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மதியம் 2.50. அவன் டீ வாங்க மேலே போனான். ஐந்தையும் நானே உடைத்தேன். அதிகாரி வாயால் சொன்னதுதான், எழுத்தில் இல்லை. நாளைக்குக் கேள்வி வந்தால் கைகழுவிவிடுவார். அதனால் ஐந்து சீட்டிலும் மச்சான் பெயரை எழுதி அலமாரியில் வைத்தேன். உருண்டால் அவன் தலை உருளட்டும். நேரம்? குத்துமதிப்பாக 3.10 என்று போட்டேன்.

சில்லுகளைச் சாக்கில் அள்ளினேன்.

விளக்கு அணைந்தது.

சளப்... சளப்...

ஈரச் சாந்தை எதிலோ அப்பும் சத்தம்.

அடைத்த மூக்கால் யாரோ மூச்சை இழுத்தார்கள்...

ஒருமுறைதான்.

விளக்கு வந்தது. மணி 3.10.

முதல் சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டர் முகம்.

தொட்டேன். ஈரம். சூடு...

மச்சான்.

மேலே ஓடினேன். படிக்கட்டில் உட்கார்ந்தபடியே செத்திருந்தான். இரண்டு டீ டம்ளர் பக்கத்தில். ஒன்று எனக்கு.

மாரடைப்பு என்றார் டாக்டர்.

சாயங்காலம் அதிகாரி கிடங்குக்கு வந்தார். “இது பதிவேட்டுல இல்லையே. உடைச்சிடுங்க. ஆளும் ஒண்ணு குறைஞ்சாச்சு, நீங்க இருங்க.”

உடைத்தேன். சில்லில் நரைத்த மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது.

பிணத்தைத் துடைத்த தங்கை கேட்டாள். “அண்ணா, இவர் மீசையை யாரு பிய்ச்சா?”



மற்ற நாலு சீட்டைக் கிழிக்கப் போனேன். என் கையெழுத்துதான். அவன் பெயர் இல்லை. என் தங்கை பெயர். அவள் பிள்ளைகள் மூன்று பேர் பெயர். நேரம் 3.10.

தினமும் அந்த நேரத்துக்குத் தங்கைக்குப் போன் போடுகிறேன்.

“என்னண்ணா?” என்பாள்.

வைத்துவிடுவேன்.

சீட்டில் தேதி கிடையாது.